பெயர் மட்டும் உள்ளூர்

காஞ்சிபுரம் பட்டுப்புடவைக்கு வேண்டிய எதுவும் காஞ்சிபுரத்தில் விளைவதில்லை. வெளியூரில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், உள்ளூரில் சொன்னால் அடிக்க வருவார்கள். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. அரசாங்கம் ஊரிலேயே ஒரு ஜரிகை ஆலை வைத்துப் பார்த்தது. சூரத்தின் பிடி அதற்கும் தளரவில்லை. ஊரைச் சுற்றி எங்களுக்கு வாய்த்தது ஏரியும் நெல் வயலும்தான். அடுத்தவர் ஊர்ப் பொருளை வாங்கி, அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நெய்து கொடுத்தே பேர் வாங்கிய ஊர் இது.

எங்கள் சொத்து என்று நாங்கள் மார்தட்டியது இரண்டு: கை, தண்ணீர். பாலாற்றுத் தண்ணீரில் சாயம் தோய்த்தால்தான் பட்டுக்கு அந்த மினுமினுப்பு வரும் என்று என் தாத்தா அடித்துச் சொல்வார். அவர் காலத்தில் ஆற்று மணலைக் கையால் பறித்தாலே ஊற்று வந்ததாம். என் காலத்தில் மணல் இருந்தது. என் மகன் காலத்தில் அதையும் லாரியில் ஏற்றியாகிவிட்டது. ஊருக்குள் ஓடும் வேகவதி வேறு விதம். அதில் எப்போதும் ஏதோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தண்ணீர் என்று சொல்ல வாய் வராது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு வந்தபோது ஊரே போய்ப் பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தது. சாயப்பட்டறைக்காரர் ஒருவர்கூடக் குடத்தோடு வரவில்லை. அவர்களுக்கு ஆழ்துளைக் கிணறு பழகிவிட்டிருந்தது.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அந்தக் காலத்தில் விடியற்காலையில் தெரு எங்களுக்குச் சொந்தம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பாவு நூலை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, அறுந்த இழையை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் சைக்கிளில் வந்தவர் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவார். மாடுகூட ஒதுங்கும் என்று பாட்டி சொல்வாள். மாட்டை விரட்டுவதற்கென்றே என்னை ஒரு குச்சியோடு நிறுத்தியிருந்ததை மறந்துவிட்டு. இன்று அதே தெருவில் இரண்டு பக்கமும் கார் நிற்கிறது. பாவு நீட்டுகிறவர் கொஞ்சம்பேர் இருக்கிறார்கள். அவர்கள்தான் இப்போது ஒதுங்கி நிற்கிறார்கள்.

வெளியூர் நண்பர்கள் வரும்போதெல்லாம் தறிச் சத்தத்தைத் தேடுகிறார்கள். “தெருவுக்குள்ள நுழைஞ்சாலே கேக்குமாமே, சங்கீதம் மாதிரி!” என்கிறார்கள். சங்கீதம்தான். அந்தக் கச்சேரியில் பக்கவாத்தியம் வாசித்தவர்களுக்கு எட்டு வயது, ஒன்பது வயது.

கோர்வை என்றால் என்ன என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த ஊரின் முழு மானமும் அதில்தான் இருக்கிறது. காஞ்சிபுரம் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை என்றால், ஊடை இழையும் உடலில் அரக்காகவும் கரையில் பச்சையாகவும் ஓட வேண்டும். அதற்கு மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் இரண்டு. சேருகிற இடத்தில் ஒவ்வோர் ஊடையும் பக்கத்து ஊடையோடு கோத்துக்கொள்ளும். புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று நாங்கள் பெருமையடிப்பது இந்தக் கோப்பை நம்பித்தான். நெசவாளிக்கு இருப்பதோ இரண்டு கை. கால் மிதியில், ஒரு கை பலகையில், இன்னொரு கை நாடாவில். மூன்றாவது நாடாவை எட்டிப் போட அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்தாக வேண்டும். பெரிய ஆளுக்கு அங்கே இடமும் பத்தாது, கூலியும் கட்டுப்படியாகாது. அதனால் சின்ன ஆள். எங்கள் வீட்டில் அந்தச் சின்ன ஆள் நான்தான். பள்ளிக்கூடம் போகும் முன்பும், வந்த பின்பும், பரீட்சை இல்லாத நாளில் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாகவும்.

குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 1986-ல் வந்தது. குடும்பத்தார் வீட்டிலேயே செய்யும் தொழிலுக்கு அதில் விலக்கு வைத்திருந்தார்கள். அப்பா அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. ஆனால் அது பிறப்பதற்குப் பல வருடம் முன்பிருந்தே அந்த விலக்கைத் தவறாமல் பயன்படுத்தி வந்தார். என்னைப் பற்றி அழ எதுவும் இல்லை. எனக்கு அப்பா இருந்தார், மூன்று வேளை சோறு இருந்தது. சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து முன்பணத்துக்கு ஈடாக வந்து உட்கார்ந்த பையன்கள் இருந்தார்கள். அவர்களின் அப்பாக்கள் வாங்கிய பணம் எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியாது. அது தீர்ந்ததா என்றும் யாரும் சொன்னதில்லை. அவர்களில் ஒருவன் என்னைவிட வேகமாக நாடா போடுவான். கையெழுத்துப் போடத் தெரியாது.

90-களில் தொண்டு நிறுவனங்கள் வந்தன, பத்திரிகைகள் எழுதின, அதிகாரிகள் தெருத்தெருவாக நடந்தார்கள். பிள்ளைகள் தறியைவிட்டு எழுந்து பள்ளிக்கூடம் போனார்கள். வரவேண்டிய நல்ல காலம், தாமதமாகவேனும் வந்தது. கூடவே ஒன்று நடந்தது: கோர்வைக்கு உட்கார ஆள் இல்லாமல் போயிற்று. மனைவியை உட்கார வைத்தார்கள், தம்பியை உட்கார வைத்தார்கள். கடைசியில், கோர்வையே வேண்டாம், ஒரே நாடாவில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓட்டிவிடலாம் என்று பலர் முடிவு செய்தார்கள். பார்வைக்கு அதே புடவை. கரையின் நிறத்தில் உடலின் நிறம் லேசாகக் கலந்து தெரியும், அவ்வளவுதான். வாங்குகிறவர்களில் அதைக் கவனிப்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிசயம். இப்போது மூன்று நாடாக் கோர்வை, கண்ணாடிப் பெட்டிக்குள் தனி விளக்குப் போட்டு விற்கிற சரக்கு. “பாரம்பரியம்” என்று அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பாரம்பரியத்தில் ஒரு பகுதி நான். எனக்கு அரைக்கால் டிராயர்.

அந்தக் காலத்தில் நேர்மை இருந்தது என்பார்கள். எங்களை நம்பி யாரும் நூல் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. முதலாளி வீட்டில் பட்டும் ஜரிகையும் தராசில் நிறுத்துக் கொடுப்பார்கள். நெய்த புடவையைத் திரும்பவும் தராசில் போடுவார்கள். குறைந்த எடைக்குக் கூலியில் கை வைப்பார்கள். சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்ற ‘காஞ்சிவரம்’ படத்தில், மகளின் கல்யாணப் புடவைக்காக நெசவாளி ஒருவர் பட்டு நூலை வாயில் அடக்கித் திருடி வருவார். ஊர் உலகமெல்லாம் அந்தக் காட்சிக்குக் கண்ணீர் விட்டது. எங்கள் அத்தை தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, “எச்சில் பட்டா சாயம் போயிடாதா? வேலை தெரிஞ்சவன் இடுப்புல இல்ல வைப்பான்?” என்றாள். எப்படித் தெரியும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஆனால் நெசவாளியை நம்பிய காலமும் ஒன்று இருந்திருக்கிறது. கொஞ்சம் பழைய காலம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் உத்தம சோழனின் செப்பேடு பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காஞ்சியில் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் வரவு செலவைப் பார்க்கும் பொறுப்பை, ஊரில் பட்டு நெய்தவர்களின் சேரிகளிடம் ஒப்படைத்த ஏற்பாட்டை அது பேசுகிறது. கடவுளின் கணக்குப்பிள்ளைகளாக இருந்திருக்கிறோம். ஆயிரம் வருடம் கழித்து என் சித்தப்பா தறிக் கடனுக்கு வங்கிக்குப் போனபோது இரண்டு ஜாமீன்தாரரைக் கூட்டி வரச் சொன்னார்கள். செப்பேட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஜெராக்ஸ் எடுப்பது கஷ்டம்.

எங்கள் ஊர் தன் பிள்ளைகளை நடத்தும் விதத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. அண்ணா 1909-ல் இங்கே நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். பச்சையப்பன் பள்ளியில் படித்தார், நகராட்சியில் கொஞ்ச காலம் எழுத்தராக இருந்தார். ‘திராவிட நாடு’ இதழை 1942-ல் இங்கிருந்துதான் தொடங்கினார். 1953-ல் கைத்தறித் துணி தேங்கிக் கிடந்தபோது கட்சிக்காரர்களோடு தோளில் துணியைச் சுமந்து விற்கப் புறப்பட்டவர் அவர். 1957-ல் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர், 1962-ல் ஒரு பஸ் முதலாளியிடம் அவரைத் தோற்கடித்தது. அது எப்படி நடந்தது என்பதற்கு ஒவ்வொரு டீக்கடையிலும் ஒரு கதை உண்டு. ஐந்து வருடம் கழித்து அவர் முதலமைச்சரானதும் தோற்கடித்தவர் ஒருவரையும் ஊரில் காணோம். எல்லாரும் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களே. பிறகு பட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவர் பெயர், காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அவர் பெயர், பிறந்த வீடு நினைவில்லம். 1866-ல் நகராட்சியான ஊர் 2021-ல் மாநகராட்சி ஆனபோது, அவர் எழுத்தராக இருந்த கதையை மேடையில் சொல்லாதவர் இல்லை.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்யத் தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. விடியற்காலையில் பாவு நீட்டிய தெருமுனைக்கு அதே நேரத்தில் கம்பெனி பஸ் வர ஆரம்பித்தது. எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறினார்கள். நூல் முடிந்த விரல் அல்லவா, சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்துவதில் கெட்டிக்காரிகள் என்று பேர் வாங்கினார்கள். மாதம் பிறந்தால் சம்பளம், மழை பெய்தாலும் சம்பளம். குழித்தறிக்காரன் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும். ஐப்பசி பிறந்தால் தறிக்குழியில் நீர் ஊறும், பாவு ஈரம் கோக்கும், வேலை நிற்கும். வேலை நின்றால் கூலி நிற்கும், அடுப்பு மட்டும் எரிந்தாக வேண்டும். தங்கள் பிள்ளை தறியில் உட்காரக் கூடாது என்று வேண்டிக்கொள்ளாத நெசவாளியை நான் பார்த்ததில்லை. காமாட்சியோ வரதரோ, யாரோ அந்த வேண்டுதலைக் கேட்டுவிட்டார்கள். 2014-ல் நோக்கியா ஆலையை மூடியபோது அந்தப் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டில் தறி இருந்த இடத்தில் வாஷிங் மெஷின் இருந்தது.

சர்க்கார் சும்மா இருந்தது என்று சொன்னால் பாவம். கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கி 1985-லேயே சட்டம் வந்தது. 2005-06-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜரிகையில் வெள்ளி இவ்வளவு, தங்கம் இவ்வளவு என்று வரையறை எழுதினார்கள். விசைத்தறிப் புடவைக்குச் சட்டம் படிக்கத் தெரியாததால் அது பாட்டுக்கு நெய்துகொண்டிருக்கிறது. 2015 ஆகஸ்ட் 7 அன்று சென்னையில் பிரதமரே வந்து தேசிய கைத்தறி தினத்தைத் தொடங்கி வைத்தார். 2020-ல் அந்தத் தினத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, ஜூலை 27 அன்று, அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தார்கள். தினம் மிஞ்சியது. நாட்டில் நெசவிலும் நெசவு சார்ந்த வேலையிலும் இருந்தவர்கள் 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சம், அடுத்த கணக்கெடுப்பான 2019-20-ல் 35.22 லட்சம். ஆள் குறையக் குறைய விழா பெரிதாகிறது. முன்பு எங்களைக் கொண்டாட யாரும் வந்ததில்லை. வந்திருந்தால் உட்கார வைக்கத் திண்ணையில் இடம் இருந்திருக்காது.

கோயில் விஷயத்துக்கு வருகிறேன். அதைத் தொடாமல் காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதினால் ஊர்ப்பிரஷ்டம்தான். எங்களிடம் மாறாத ஒன்று உண்டென்றால், வரதராஜப் பெருமாள் கோயிலில் வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் நடக்கும் வழக்குதான். யார் பிரபந்தம் சேவிப்பது என்பது வெள்ளைக்காரன் நீதிமன்றத்தில் தொடங்கி இன்றைய உயர் நீதிமன்றம்வரை வந்து நிற்கிறது. யானைக்கு எந்த நாமம் போடுவது என்று லண்டன்வரை வழக்குப் போனதாக ஒரு கதை. தாத்தா அதைச் சொல்லும்போது யானையாகவே நடித்துக் காட்டுவார். மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் வேகவைத்து, பெருமாளுக்குப் படைத்தபின் துண்டு போட்டுத் தரும் இட்லி, இப்போது ஓட்டல்களில் டம்ளர் வடிவத்தில் கிடைக்கிறது. கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மன் செதுக்கி வைத்த சிங்கங்களுக்கு முன்னால் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கிறார்கள். வாடகைப் புடவையில் மணப்பெண், பின்னால் 1,300 வருடக் கல்.

அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்து நீருக்குள்ளிருந்து 40 வருடத்துக்கு ஒருமுறை வெளியே வருவார். 1979-ல் வந்தபோது அப்பா என்னைத் தோளில் தூக்கிப்போய்க் காட்டினார். திரும்பி வரும் வழியெல்லாம், அரை நாள் தறி நின்றதற்கு எவ்வளவு கூலி போயிற்று என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம். ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்ததாகச் சொன்னார்கள். என் பெரியப்பா மகன் தறியைப் பிரித்துப் பரணில் போட்டு, குழிமேல் பலகை அடித்து, பாய் விரித்து, யாத்ரீகர்களுக்கு வாடகைக்கு விட்டான். அந்தத் தறி வருடம் முழுக்கத் தராததை அந்தக் குழி 48 நாளில் தந்தது. பலகையை அவன் திரும்பப் பெயர்க்கவே இல்லை. அடுத்த தரிசனம் 2059-ல். அதற்குள் மாடி கட்டிவிடுவதாகச் சொல்கிறான்.

சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு குரல் வரும்: “பழைய பட்டுப்புடவை வாங்கறதே!” வாங்கிப்போய் எரிப்பார்கள். சாம்பலை உருக்கி வெள்ளியைப் பிரிப்பார்கள். ஒரு மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்றபோது அம்மா தன் கல்யாணப் புடவையை அந்தக் குரலுக்குக் கொடுத்தாள். தராசில் பட்டுக்கு மதிப்பில்லை, நெசவுக்கு மதிப்பில்லை, ஜரிகைக்கு மட்டும்தான். இப்போது வெள்ளி விலை ஏறியதும் அதே குரல் விளம்பரப் பலகையாகத் திரும்பி வந்திருக்கிறது. பாட்டி காலத்துக் கிழிந்த புடவை நல்ல விலைக்குப் போகிறது. போன வருடம் பெரிய பணம் கொடுத்து வாங்கிய புடவையைக் கொண்டுபோனவர்களில் சிலரைக் கடைக்காரர் ஜரிகையை உரசிப் பார்த்துவிட்டு, “பத்திரமா கட்டிக்குங்கம்மா” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். உள்ளே செம்பு.

2008-ல் சென்னைக் கடை ஒன்று ரவிவர்மா ஓவியங்கள் பதினொன்றை நெய்த பட்டுப்புடவை ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. விலை ஏறக்குறைய 40 லட்சம் ரூபாய். நெய்தவர்கள் காஞ்சிபுரத்துக்காரர்கள். அத்தை செய்தித்தாளில் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, அதை உடுத்திக்கொண்டு எப்படி உட்காருவது என்று ஒன்றைத்தான் கேட்டாள்.

அதே அத்தையின் பேத்திக்குப் போன தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ஒரகடத்தில் கார்க் கம்பெனி ஒன்றில் வேலை. புடவை எடுக்க எல்லாரும் வேன் பிடித்துத் தியாகராய நகர் போனோம். காஞ்சிபுரத்திலிருந்து காஞ்சிபுரம் பட்டு வாங்க 75 கிலோமீட்டர் ஏன் போக வேண்டும் என்று நான் கேட்டதற்கு, “அங்கதான் மாமா நெறைய டிசைன் இருக்கும்” என்றாள் மணப்பெண். கடையில் ஒரு பையன் மெத்தைமேல் புடவைகளை விசிறிப் போட்டான். இருபது வயதிருக்கும். அத்தைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, மிகுந்த பொறுமையோடு பாடம் நடத்தினான்.

“பாருங்கம்மா, இது ஒரிஜினல் காஞ்சிபுரம். மூணு நாடா கோர்வை. இப்பல்லாம் யாரும் நெய்யறதில்ல.”

“அப்படியாப்பா?” என்றாள் அத்தை. நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவள். புடவையின் ஓரத்தைப் புரட்டி, உடலும் கரையும் சேரும் இடத்தில் கட்டைவிரலை வைத்து மெல்ல நகர்த்தினாள். “கரையில மெரூன் கலந்து தெரியுதே தம்பி?”

“அது ஷேடும்மா. லைட்டுக்கு அப்படித் தெரியும்.”

“எந்தத் தெருவுல நெஞ்சது?”

பையன் சிரித்தான். “காஞ்சிபுரத்துலதாம்மா.”

“ஊரைக் கேக்கல. தெருவைக் கேட்டேன்.”

பையன் மேற்பார்வையாளரைப் பார்த்தான், மேற்பார்வையாளர் விலைச்சீட்டைப் பார்த்தார். பத்து சதவீதம் தள்ளுபடி என்றார். அதற்குள் மணப்பெண் அந்தப் புடவையைத் தோளில் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று, மாப்பிள்ளைக்கு வீடியோ கால் போட்டுவிட்டாள். அவருக்கும் நிறம் பிடித்துப்போயிற்று. அத்தை இன்னொரு தடவை விலையை விசாரித்தாள், கூலி இதில் எவ்வளவு போகும் என்று வாய்க்குள் கணக்குப் போட்டாள், போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்தப் புடவையைத்தான் வாங்கினோம். பில் போடும்போது ஒரு துணிப்பையும் மஞ்சப்பை ஒன்றும் இலவசமாகக் கொடுத்தார்கள். அத்தை மஞ்சப்பையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, “இது கைத்தறி” என்று சொல்லி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.